மஞ்சள் தடவிய பாஸ்போர்ட்

காரைக்கால் கோவில்பத்தில் அந்த வீட்டு வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியபோது பகல் பதினொரு மணி இருக்கும். ஓட்டு வீடு. வாசல் கோலம் பாதி அழிந்திருந்தது. நடையில் ஓர் அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

போலகத்திலிருந்து பட்டினம் வழியாக, அரசலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதித்து வந்திருந்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சைகோனில் வளர்ந்தவளுக்குப் புடவை கட்டிச் சைக்கிள் ஓட்டுவது அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை. கொசுவத்தின் ஓரத்தைச் சங்கிலி இரண்டு முறை கடித்து, கறுப்பு மசி அப்பியிருந்தது.

"யாரும்மா?" என்றார் அந்த அம்மாள்.

"போலகத்துலேருந்து வர்றேங்க. சிங்காரவேலு வீட்டுலேருந்து."

முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். "வாங்க வாங்க. பொண்ணு வீட்டுக்காரங்களா? பெரியவங்க பின்னால வர்றாங்களா?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான். நான்தாங்க பொண்ணு."

முறம் கை நழுவி மடியில் சாய்ந்தது. உளுந்து நடை முழுக்க ஓடியது. பெண் பார்க்க இவர்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது அடுத்த வாரம். அதற்குள் பெண் தானே சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் கை நழுவாது? நான் குனிந்து உளுந்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே வந்த காரியத்தையும் சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச அப்போது வராது. பிறகு அதையே தொழிலாகக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

"ஜாதகத்த நீங்களே வெச்சுக்குங்க. பாஸ்போர்ட்ட மட்டும் குடுத்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

ஜாதகத்தோடு போன காகிதம்

சைகோனிலிருந்து நாங்கள் போலகம் வந்து சேர்ந்தது பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "உங்களிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததே, பிரான்சுக்குப் போய் அங்கேயே பெரிய வேலை தேடியிருக்கலாமே?" நல்ல கேள்வி. எழுபதுகளில் காரைக்கால் முழுக்க இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது. அவராவது மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு தவணை கொடுத்தார்கள். போட்டவர்கள் கொஞ்சம் பேர். போடாமல் விட்டவர்கள் நிறையப் பேர். விட்டவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் பல வருடம் கழித்தும் சாப்பாடு பாதியில் நிற்கும். எங்களைப் போல அப்போது சைகோனில் இருந்தவர்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கேட்காமலே எங்களுக்கு அந்தக் குடியுரிமை நிலைத்துவிட்டது.

அதற்கு ஊரில் பெயர் 'நேஷனாலிட்டி'. படித்தவர், படிக்காதவர், வயலில் நாற்றுப் பறிக்கிறவர், எல்லோருக்கும் தெரிந்த சொல். நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை பிரான்சுக்குப் போகலாம். அதனால் பெண்ணின் நிறம், உயரம், படிப்பு எல்லாம் பிறகுதான். ஜாதகம் வரும்போதே அதன் முதுகில் நேஷனாலிட்டிக் காகிதத்தின் நகலும் குத்தப்பட்டு வரும். யாரோ எங்கேயோ போலி நகல் காட்டி ஏமாற்றினார்கள் என்று பேச்சு கிளம்பிய பிறகு, "அசல் ஒரு கண்ணு பாத்துட்டுத் தர்றோம்" என்று கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது.

என்னுடைய அசலும் அப்படித்தான் போனது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, ஜாதகம், அதன் மேல் என் பாஸ்போர்ட். சுபகாரியத்துக்குப் போகிற காகிதம் எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சட்டம். குழைத்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டு அட்டையின் நாலு மூலையிலும் அழுத்தமாக வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டுக்கும் அம்மா வித்தியாசம் பார்க்கவில்லை. மஞ்சள் அட்டையோடு நிற்காமல் உள்பக்கங்களுக்கும் ஊறியிருந்தது.

அம்மா அறியாமல் செய்தார். அப்பா அறிந்தே செய்தார். நான் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பது அவருக்குத் தெரியும். வெளியுறவுப் பணித் தேர்வு எழுத இந்தியக் குடியுரிமை கட்டாயம் என்பதும், அதற்கு முன்னால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை நான் ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரியும். அதனால்தான் அது என் கையில் இருக்கக் கூடாது என்று தாம்பாளத்தில் வைத்து அனுப்பிவிட்டார்.

நான் கத்தினேன். அப்பா கத்தவில்லை. சைகோன் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்; யார் கத்தினாலும் குரல் உயர்த்தாமல் பதில் சொல்லிப் பழகியவர்.

"சைகோன்லேருந்து ஒரு குந்துமணி தங்கம் எடுத்துட்டு வர முடியல. ஒங்கம்மா கழுத்துல கெடந்ததுகூட அங்கயே போச்சு. ஒனக்குன்னு நான் போட்டிருக்குற நகை அந்தக் காயிதம் ஒன்னுதான். அத நீ விக்க நான் விடமாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. ஆனால் என் பிடிவாதமும் உண்மை. அவருடைய பெண்தானே நான்.

விண்ணப்பத்துக்குப் பதில் அதே வாரம் வந்தது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த ரசீதோடு அடுத்த புதன்கிழமைக்குள் காரைக்கால் அலுவலகத்துக்கு வர வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் அந்த வருடத் தேர்வு கிடையாது. எனக்கோ வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒப்படைக்க வேண்டிய இடம் பாண்டிச்சேரி. சனி, ஞாயிறு மூடியிருக்கும். கடிதம் கைக்கு வந்தது வியாழக்கிழமை. மறுநாள் காலை சைக்கிளை எடுத்தேன்.

மடக்கு மேஜை

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று சொல்ல வேண்டும். அதற்குச் சைகோன் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஆட்சி மாறியிருந்த நேரம். வெளிநாட்டுக்காரர்கள் பட்டியல் பட்டியலாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கையில் இருந்த பாஸ்போர்ட்டுக்கு உரிய விமானம் பாரிசுக்குப் போகும். அப்பாவுக்குப் பாரிசில் ஈ காக்கை தெரியாது. அவர் பிறந்த வீடு போலகத்தில் இருந்தது. இந்தியாவுக்குப் போகிற விமானத்துக்கான வரிசையில் போய் நின்றோம். அது இந்தியக் குடிமக்களுக்கான வரிசை. நாங்கள் இந்தியக் குடிமக்கள் இல்லை.

வரிசையின் முடிவில் ஒரு மடக்கு மேஜை. ஒரு கால் குட்டை. அடியில் செங்கல் துண்டு கொடுத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் இளம் அதிகாரி, இந்தியத் தூதரகத்துக்காரர். கையில் ஒரு பேனா, முன்னால் ஒரு பட்டியல். அவ்வளவுதான். சுற்றிலும் பெட்டிகள், அழுகை, ஒலிபெருக்கி. அவர் மட்டும் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அப்பா மூன்று பாஸ்போர்ட்டையும் நீட்டினார். அதிகாரி பார்த்துவிட்டு, "இது வேற நாட்டு பாஸ்போர்ட்டால்லா இருக்கு" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"ஆமாங்க" என்றார் அப்பா. முப்பது வருடம் மற்றவர்களின் காகிதத்தைச் சரிபார்த்தவர். தன் காகிதம் தவறான வரிசையில் நிற்பது அவருக்குப் புரிந்தது. கையை இழுத்துக்கொள்ளப் போனார்.

"ஊரு எது?" என்றார் அதிகாரி.

"காரைக்கால்ங்க. போலகம்."

அவர் பேனாவை மூடினார். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். மறுபடி திறந்தார். "போலகத்துக்காரங்கள நான் எழுதாம வேற யாரு எழுதுவா? பேரச் சொல்லுங்க." அப்பா பெயர், அம்மா பெயர் எழுதினார். என்னைப் பார்த்தார். "கமலா" என்றேன். அதையும் எழுதினார். வேறு யார் யாரிடம் அதற்காக அவர் பதில் சொல்ல வேண்டியிருந்ததோ, எனக்குத் தெரியாது. அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

விமானத்தில் அம்மா அழுதுகொண்டே வந்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார். எனக்கு அந்த மேஜை மட்டும் கண்ணிலேயே நின்றது. ஒரு பேனாவை வைத்துக்கொண்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்ப முடிகிறதே என்ற எண்ணம் விடவேயில்லை. நான் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். இது ஆசை என்று சொல்ல மாட்டேன். ஆசை வந்து போகும். இது போகவில்லை.

போலகத்துக்கு வந்த பிறகு அந்த எண்ணம் இன்னும் இறுகியது. அப்பா பிறந்த ஊரில் நான் வெளிநாட்டுக்காரி. வருடா வருடம் காவல் நிலையத்தில் வெளிநாட்டார் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ் பேசுவேன், எழுத வராது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் தமிழ் எழுத்தும் ஆங்கில இலக்கணமும் ஒரே நேரத்தில் கற்றேன். பிரெஞ்சுதான் எனக்குச் சோறு போட்ட மொழி. அதை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களெல்லாம் பிரான்சுக்கு மருமகளாகப் போக இருந்தவர்கள். வாத்தியார் போகப் போவதில்லை என்பது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

வெள்ளிக்கிழமை

இனி கோவில்பத்து.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் தனபாக்கியம். உளுந்தைச் சேர்த்து முறத்தில் போட்டுவிட்டு, நிதானமாக என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாஸ்போர்ட்டு சாமி மாடத்துல இருக்கு. ஆனா இன்னிக்கி வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழமையில வீட்டுப் பொருள வெளிய குடுக்க மாட்டோம். அதுவும் சாமி மாடத்துலேருந்து. நீ போயி ஒங்கப்பாவ வரச் சொல்லு."

அப்பா வர மாட்டார். அது அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும்.

"அப்ப நான் இருந்து வாங்கிட்டுப் போறேங்க" என்றேன்.

"எங்க இருந்து?"

"இங்கதாங்க. வெள்ளிக்கெழம முடியறவரைக்கும்." செருப்பைக் கழற்றிவிட்டு நடையில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. பிற்காலத்தில் பேச்சுவார்த்தை மேஜைகளில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் பாதி வெற்றி என்று இளையவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எழுந்தால் அந்த வருடம் போய்விடும் என்பதுதான்.

தனபாக்கியம் அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிச்சயம்கூட ஆகாத பெண், பட்டப்பகலில், தெருவே பார்க்க, மாப்பிள்ளை வீட்டு நடையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் இரண்டு முறை வெளியே வந்து, உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்திவிட்டுப் போனார். உள்ளே போன தனபாக்கியம் அம்மாள் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். இன்னொரு டம்ளர் வைத்தார். அதையும் குடித்தேன். உளுந்தின் மறு பாதியை நான் புடைத்தேன். மோசமாகப் புடைத்தேன். முறத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வந்தார். ராஜேந்திரன். மின்சார அலுவலகத்தில் எழுத்தர். சைக்கிளை நிறுத்தப் போன இடத்தில் இன்னொரு சைக்கிள் நிற்பதைப் பார்த்து, அதன் பக்கத்தில் மரியாதையாக நிறுத்தினார். அவருடைய அம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அவர் தூணோரம் நின்றபடி கேட்டார்: "ஏங்க, என்னப் புடிக்கலைங்களா?"

"ஒங்கள இப்பதாங்க பாக்குறேன். புடிக்கவோ புடிக்காமப் போவவோ நேரமே இல்ல."

"அப்பறம் ஏங்க? இதுக்காவ ஊரே அலையுது. நீங்க திருப்பிக் குடுக்கப் போறேங்கறீங்க."

சொன்னேன். தேர்வு, வயது வரம்பு, புதன்கிழமை, எல்லாம். அந்த மேஜையைப் பற்றியும் சொன்னேன். அதுவரை அப்பாவிடம்கூட அதை நான் முழுதாகச் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவரிடம் எளிதாக வந்துவிட்டது.

"பரிட்சையில கெடைக்கலன்னா?"

"மறுபடி எழுதுவேன்."

"அதுலயும் கெடைக்கலன்னா?"

"அதுக்கும் மறுபடி. வயசு விடுற வரைக்கும் எழுதுவேன்."

சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "பிரான்சு எப்டிங்க இருக்கும்?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டபோதுதான், நான் பிடுங்கிக்கொண்டு போக வந்திருப்பது ஒரு காகிதத்தை மட்டும் இல்லை என்று உறைத்தது. மனம் சங்கடப்பட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"தெரியாதுங்க. நான் பாத்ததே இல்ல."

"பாக்காமலே பிரெஞ்சுக்காரிங்களா?"

"அதனாலதாங்க திருப்பிக் குடுக்குறேன்."

ராஜேந்திரன் சாமி மாடத்தை எட்டிப் பார்த்தார். அவருடைய அம்மா, "சோறு ஆறுது, வா" என்றார். அவர் போகவில்லை.

"அம்மா, வெள்ளிக்கெழமையில நாம குடுக்கக் கூடாது. சரி. அவங்க பொருள அவங்களே எடுத்துக்கிட்டா?"

"அது எப்டிடா..."

"எடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா?"

தனபாக்கியம் அம்மாள் மகனைப் பார்த்தார். சாமி மாடத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் காகிதத்தின் மேல் ஆசை இருந்தது. மகனை வழியனுப்புகிற நாளையெல்லாம் மனதில் பார்த்து வைத்திருந்தார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. பெருமூச்சு விட்டார்.

"காலக் கழுவிட்டு வந்து எடு" என்றார்.

கழுவிக்கொண்டு போனேன். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மன் படத்துக்குக் கீழே, வாடிய கதம்பத்துக்கு அடியில் என் பாஸ்போர்ட். அவர்கள் பங்குக்கு அவர்களும் மூலைகளில் இன்னொரு சுற்று மஞ்சள் வைத்திருந்தார்கள். எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். ஜாதகத்தைத் தொடவில்லை.

வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது தனபாக்கியம் அம்மாள் குங்குமச் சிமிழோடு பின்னால் வந்தார். "எடுத்துக்க. வெள்ளிக்கெழமையில வந்த பொண்ண வெறும் நெத்தியோட அனுப்பக் கூடாது." நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்கப் பாலம் வரை மிதிக்க வேண்டியிருந்தது.

எந்த நோட்டிலும் இல்லாத நாட்கள்

வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை அப்பா முன்னால் வைத்தேன். "திங்கக்கெழம பாண்டிச்சேரி போறேம்ப்பா. நீங்க வந்தா நல்லது. வரலன்னாலும் போவேன்."

சனியும் ஞாயிறும் அப்பா பேசவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது, பென்ஷன் வாங்கப் போகும்போது மட்டும் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பேருந்து சிதம்பரம் தாண்டிய பிறகுதான் பேசினார். "பொண்ணு கையெழுத்துப் போடுற எடத்துல அப்பன் நிக்கணும். அதுக்குத்தான் வர்றேன். சம்மதம்னு நெனச்சுக்காத."

பாண்டிச்சேரியில் பாஸ்போர்ட்டை வாங்கிய பிரெஞ்சு அதிகாரி வயதானவர், பண்பானவர். புரட்டினார். மூலைகளைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டியது. "இது என்ன கறை?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அப்பா பதில் சொன்னார், அவருடைய பழைய சுங்க இலாகாப் பிரெஞ்சில்: "கறை இல்லை ஐயா. எங்கள் ஊரில் மகளுக்கு நகை கொடுக்கும்போது இதை வைப்போம்."

அதிகாரி அவரைப் பார்த்தார். தலையசைத்தார். ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்து, இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக அட்டையின் மூலையை வெட்டினார். வெட்டிய துண்டு மேஜை விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் கையில் ஒரு ரசீது வந்தது.

புதன்கிழமை ரசீதைக் கொடுத்தேன். ஆனால் இந்தியச் சான்றிதழ் உடனே வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை. காவல் நிலையத்திலிருந்து ஏட்டையா குடையோடு வந்தார்.

"வெளிநாட்டாரு பதிவேட்டுல இந்த வருசக் கையெழுத்துப் போடணும்மா."

"நான் இப்ப வெளிநாட்டாரு இல்லைங்க."

"அப்ப இந்தியரா?"

"இன்னும் ஆவலைங்க."

தலையைச் சொறிந்தார். "அப்ப ஒன்ன எந்த நோட்டுலம்மா எழுதுறது?"

"பென்சில்ல எழுதி வைங்க. பொங்கலுக்குள்ள அழிச்சிடலாம்."

வெளியே சிரித்தேன். அந்த நாட்களில் யாராவது அந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேனா? வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் கேள்வி வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

விண்ணப்பம் மூடுவதற்கு ஐந்து நாட்கள் இருந்தபோது சான்றிதழ் வந்தது. உறுதிமொழியை ஓர் ஈரமான அலுவலக அறையில் நின்றபடி வாசித்தேன். தேர்வு எழுதினேன். தோற்றேன்.

ஊருக்கு நல்ல விருந்து. "அதையும் விட்டா, இதையும் விட்டா" என்று பட்டினம் கடைத்தெரு வரை பேச்சு. வரன்களும் நின்றுபோயின. அப்பா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வயது வரம்பு இன்னும் ஒரு தடவைக்கு இடம் விட்டிருந்தது; மறு வருடம் மறுபடி எழுதினேன். இந்த முறை நேர்முகம் வரை போனேன்.

குழுவில் ஒருவர் என் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நீங்கள் ஒரு நாட்டைக் கைவிட்டு வந்தவர். நாளைக்கு இதையும் கைவிட மாட்டீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?"

"அது எனக்குத் தானாகக் கிடைத்தது, ஐயா. இது நான் கேட்டு வாங்கியது" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அந்த வருடம் பட்டியலில் என் பெயர் இருந்தது.

இடையில் ஒரு செய்தி. ராஜேந்திரனுக்கு நெடுங்காட்டுப் பக்கம் நேஷனாலிட்டி உள்ள ஒரு பெண் அமைந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிசிலிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பார்த்துவிட்டேன். ரொம்பக் குளிர்.'

கைப்பையில் இருந்தது

மேஜைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்தேன். எண்பதுகளில், பிரெஞ்சு பேசும் ஓர் ஆப்பிரிக்கத் துறைமுக நகரத்தில், கலவர நாட்களில். என் மேஜைக்குக் கால்கள் சரியாக இருந்தன. காகிதம் சரியில்லாதவர்கள் வந்தபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "ஊர் எது?"

தூதரானது அதற்கும் வெகுகாலம் கழித்து. நியமனப் பத்திரத்தை ஒரு நாட்டின் தலைவரிடம் கொடுக்கப் போகிற காலையில், தூதரகத்தில் உடன் வேலை பார்த்த பெண் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், நகை எதுவும் போடலையா?" என்றாள். "கைப்பையில் இருக்கிறது" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

அது என் கைக்கு வந்தது, முதல் பணியிடத்துக்குக் கிளம்பிய நாளில். காரைக்கால் பேருந்து நிலையம், உச்சி வெயில். அம்மா ஊறுகாய் ஜாடியை மூன்றாவது முறையாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் கோட்டைப் போட்டிருந்தார். உள்பையிலிருந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். நடுப்பக்கத்தில், எண்ணெய்த்தாளில் மடித்து, ஒரு சிறிய முக்கோணத் துண்டு. கெட்டி அட்டை. வெட்டிய ஓரம். மஞ்சள் வெளுத்திருந்தது, போகவில்லை.

கத்தரிக்கோல், மேஜை விளிம்பு, குனிந்த அப்பா, செருப்பு வார், எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுவில் எத்தனை வருடம், நான் தோற்ற வருடம் உட்பட, அதை அவர் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நடத்துநர் விசில் ஊதினார். அப்பா அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நகைய நீ விக்க விடமாட்டேன்னு சொன்னேன்ல" என்றார். "முழுசா போவலம்மா. ஒரு குந்துமணி எடுத்து வெச்சிருந்தேன்."